முதல் அழைப்புக்கு வராதவர்

கவுன்ட்டர் பெண் மூன்று அடையாள அட்டைகளையும் சீட்டாடுகிறவள் போல மேசைமேல் பரப்பினாள். அப்பாவுடையது நடுவில், அம்மாவுடையது ஒரு பக்கம், மகளுடையது மறுபக்கம். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் படித்தாள். பிறகு நிமிர்ந்து, இதில் யாருக்கு யார் உறவு என்று அந்த ஊர் மொழியில் கேட்டாள்.

மகளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. வங்கியில் கேட்டிருக்கிறார்கள், பள்ளியில் சேரும்போது கேட்டிருக்கிறார்கள், ஒருமுறை விமான நிலையத்தில் இதைக் கேட்டு மூன்று பேரையும் தனித்தனி அறையில்கூட உட்காரவைத்திருக்கிறார்கள். ஆனால் அப்போதெல்லாம் பதில் சொல்ல அப்பா இருந்தார். அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்து, கைகளை ஆட்டி ஆட்டி எப்படியோ புரியவைத்துவிடுவார். இன்று அவர் இரண்டு தளம் கீழே, ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் இருந்தார். அவரை வெளியே கொண்டுவரத்தான் இவ்வளவு பாடும்.

"இவர் என் அப்பா. இவங்க என் அம்மா," என்றாள் மகள்.

"அப்படியானால் பெயர் ஏன் பொருந்தவில்லை?"

பொருந்தாததற்குக் காரணம் இருந்தது. இந்த ஊரில் எந்தத் தாளை நீட்டினாலும் பெயருக்கு இரண்டு கட்டம் இருக்கும். ஒன்றில் சொந்தப் பெயர், மற்றதில் குடும்பப் பெயர். நாம் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? முன்னால் நிற்பது ஓர் இனிஷியல், அதை விரித்தால் அப்பன் பெயர். அப்பா தன் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து இறங்கினார். இங்கே மரியாதையாகக் கூப்பிடுவதென்றால் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதற்கு முன்னால் ஒரு மரியாதைச் சொல்லும் உண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றேதான். ஆக, விமானத்திலிருந்து இறங்கிய நிமிஷமே அப்பா தாத்தாவாகிப்போனார். பின்னால் வந்து சேர்ந்த அம்மாவுக்குப் புருஷன் பெயர் குடும்பப் பெயராயிற்று. மகளுக்கு அப்பன் பெயர். இப்படியாக அப்பாவின் பெயர் இந்த ஊரில் அப்பாவைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் இருந்தது.

இதனால் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தபால் பெட்டியில் இரண்டு குடும்பப் பெயரைப் பார்த்த வீட்டுக்காரர், இன்னொரு குடும்பத்தை ரகசியமாக உள்வாடகைக்கு வைத்திருக்கிறீர்களா என்று கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். கிளினிக்கில் அம்மாவைக் குடும்பப் பெயர் சொல்லி அழைத்தால் அம்மா எழுந்திருக்கமாட்டாள். 'இவரு எப்ப வந்தாரு' என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். மகளுக்கோ பள்ளி நாளெல்லாம் ஓர் ஆம்பளைப் பெயர். அவள் வளர்ந்து, விவரம் தெரிந்து, வக்கீல் ஒருவரைப் பிடித்துப் பெயரை நேர்செய்ய வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அப்பா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும்மா, அதென்ன நம்மளக் கடிக்குதா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு விடுமுறைக்கு வரும்போதும் அவள் தாளை நீட்டுவாள். ஒவ்வொரு முறையும் அது அவளிடமே திரும்பி வரும். அரசாங்க அலுவலகம் என்றால் அப்பாவுக்கு உதறல், வேறென்ன என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அந்த உதறல் இப்போது தன் தலையில் வந்து விடிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, கல்யாணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள். அதில் அப்பாவின் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும் இருந்தது.

கவுன்ட்டர் பெண் அந்த எழுத்தின்மேல் பேனா முனையை வைத்தாள். "இந்த ஒற்றை எழுத்து யார்?"

"அது எங்க தாத்தா."

அந்தப் பெண் பேனாவை எடுத்து மேசையில் வைத்தாள். கெட்டவளாகத் தெரியவில்லை. குடும்பத்தார் என்று உறுதியானால்தான் உடலைத் தரமுடியும், கம்ப்யூட்டர் இவர்களைக் குடும்பம் என்று ஒத்துக்கொள்ளவில்லை என்று பொறுமையாகச் சொன்னாள். நாளையிலிருந்து நீண்ட விடுமுறை. மின் மயானத்தில் இன்று மாலைக்கு நேரம் வாங்கியிருந்தார்கள். இன்று விட்டால் அடுத்த வாரம்தான்.

"என்னடி சொல்றா?" என்றாள் அம்மா. இந்த ஊர் மொழியில் அவளுக்குக் காய்கறி வாங்கவும் பஸ் ஏறவும் தெரியும். அதற்கு மேல் எல்லாம் அப்பாவின் பொறுப்பாக இருந்தது.

"இன்னைக்கு முடியாட்டி அடுத்த வாரங்கிறா."

"அதுவரைக்கும்?"

மகள் விரலால் கீழே காட்டினாள். அம்மாவே தெரிந்துகொண்டாள்.

"குளிர்லயா? அவருக்குக் குளிர் ஆகாதுன்னு அவகிட்ட சொல்லு. ராத்திரி ஃபேன் காத்துக்கே போர்த்திக்கிட்டுப் படுக்கிற மனுஷன்."

மகள் அதைச் சொல்லவில்லை. கவுன்ட்டர் பெண் அம்மாவைப் பார்த்து, இறந்தவரின் சொந்தப் பெயரை மனைவியே வாயால் சொன்னால் அதையாவது குறித்துக்கொள்கிறேன் என்றாள். மகள் மொழிபெயர்த்தாள். அம்மா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"அம்மா, பேருதான் கேக்குறா. சொல்லு."

"நான் எப்படிச் சொல்லுவேன்?"

"இப்பப் போயி என்னம்மா இது?"

"புருஷன் பேரைச் சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும்னு இத்தன வருசமா வாயத் தொறக்கல. அவரு போனதும் மறுநாளே சொல்லிடணுமா? என்னமோ இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தவ மாதிரி."

கவுன்ட்டர் பெண்ணின் புருவம் உயர்ந்தது. புருஷன் பெயர் தெரியாத பெண்டாட்டியை அவள் இதற்குமுன் பார்த்திருக்கமாட்டாள். மகளுக்கு வந்த கோபத்தில் எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டில் 'என்னங்க', இவளுக்கு 'அப்பா', வேலையிடத்தில் தாத்தா பெயர். அந்த மனுஷனின் சொந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட இந்த ஊரில் ஓர் ஆள் இருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அம்மா கண்ணாடியின் இடுக்கில் கையை விட்டாள். மூன்று அட்டைகளில் மகளுடையதைத் தொட்டு, மகளின் பெயருக்குப் பின்னால் இருந்த பெயரின்மேல் விரலை வைத்தாள். பிறகு அதே விரலை அப்பாவின் அட்டைக்குக் கொண்டுபோய் முதல் பெயரின்மேல் வைத்தாள். பின்பு தன் அட்டைக்கு வந்தாள். மூன்று இடத்திலும் ஒரே பெயர்.

"இதான் அவரு," என்றாள் தமிழிலேயே.

கவுன்ட்டர் பெண் அந்த விரல் போன வழியே தானும் ஒருமுறை போய்வந்தாள். அவள் முகம் மாறியது. "உங்கள் கடைசிப் பெயர், அவருடைய முதல் பெயரா?"

"ஆமா."

"அவருடைய கடைசிப் பெயர் அவருடைய அப்பாவின் முதல் பெயரா?"

"ஆமா, ஆமா."

"அப்படியென்றால் உங்கள் ஊரில் ஒவ்வொரு தலைமுறையோடும் குடும்பப் பெயர் முடிந்துவிடுமா?"

"முடியாது," என்றாள் மகள். இதுவரை அவளே யோசித்திராத பதில் ஒன்று வாயில் வந்தது. "ஒரு படி தள்ளி உக்காரும்."

அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே எதையோ எழுதினாள். மேலதிகாரியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும், காத்திருங்கள், ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறேன் என்றாள். பிறகு தயங்கி, அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டாள். நடுவில் ஒரு ழகரம். நம்மவர்களே பாதிப் பேர் அதைக் கொன்றுபோடுகிறவர்கள்தான். மகள் நாக்கை மடித்துக் காட்டினாள். அந்தப் பெண் தானும் மடித்துப் பார்த்தாள், வரவில்லை. இன்னொருமுறை பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார்.

காத்திருப்போர் பெஞ்சு லிப்டுகளுக்கு எதிரே இருந்தது. அம்மா வேண்டுமென்றே லிப்டைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தாள்.

அப்பா இந்த ஆஸ்பத்திரியின் லிப்ட் மெக்கானிக். வந்த நாளிலிருந்து வேறு வேலை பார்க்கவில்லை, தேடவும் இல்லை. நேற்றுக் காலை மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் அறைக்குப் போனவர், கையில் துணியோடு அங்கேயே சாய்ந்துவிட்டார். அவர் எண்ணெய் விட்டு வைத்த லிப்டிலேயே அவரைக் கீழே இறக்கினார்கள். டாக்டர்கள் ஓடி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்தும் பிழைக்க முடியவில்லையே என்று நேற்றெல்லாம் மகள் பொருமிக்கொண்டிருந்தாள். அம்மாவோ வேறு கணக்குப் போட்டாள். நோயாளியாக ஒரு நாள்கூட இங்கே படுக்கவில்லை, வேலைக்காரராகவே போனார் என்றாள்.

லிப்ட் வந்து நின்றது. ஒரு தள்ளுகட்டிலில் வயதான பெண்ணொருத்தியைக் கொண்டுவந்தார்கள். சக்கரங்கள் லிப்டிலிருந்து தரைக்கு மாறியது தெரியவே இல்லை. படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே கடந்து போனாள்.

"பாத்தியா?" என்றாள் அம்மா. "ஒரு தூக்குத் தூக்கிப் போடல. ஆபரேஷன் பண்ணின வயிறு, இம்மி மேடு இருந்தாலும் உசுரு போயிட்டு வரும்பாரு. தரைக்குச் சரியா நிக்கலேன்னா அன்னைக்குச் சோறு எறங்காது அவருக்கு."

"தெரியும்மா."

"தெரிஞ்சா சரி."

பராமரிப்புப் பிரிவின் சூப்பர்வைசர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். தலை நரைத்த பெரிய உருவம், அப்பாவோடு கூடவே கிழவரானவர். அம்மாவுக்கு முன்னால் நின்று தலை குனிந்தார். பிறகு மகள் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி கிளம்பும்போது பின்வாசலில் எல்லோரும் வந்து நிற்கப்போகிறோம் என்றார். நர்சுகள், சமையலறைக்காரர்கள், துணி வெளுக்கும் பிரிவு, கை ஒழிந்த டாக்டர்கள், எல்லோரும். அதற்கு ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு உண்டு. அதில்தான் ஒரு சிக்கல்.

"நேற்று நீ எழுதிக் கொடுத்த பெயரை அறிவிப்பவளிடம் கொடுத்தேன். அவள் சமையலறையில் கேட்டிருக்கிறாள். யார் இது, இங்கே வேலை செய்தவரா என்கிறார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள், மகளே. எங்களுக்கு அவரை அந்தப் பெயரில் தெரியாது."

"அது அவரோட சொந்தப் பேரு," என்றாள் மகள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "காலம் பூரா எங்க தாத்தா பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க. கடைசி நாள் ஒரு தடவையாவது சரியாச் சொல்லுங்க."

சூப்பர்வைசர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, உன் விருப்பம்," என்றார். பிறகு லேசாகச் சிரித்தார். "எந்தப் பெயராயிருந்தால் என்ன, முதல் தடவை கூப்பிட்டால் அவர் வந்ததே இல்லை. எப்போதும் இரண்டு தடவை கூப்பிடவேண்டும். பாவம், மெஷின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. காது டாக்டரைப் பார் என்று எத்தனையோ முறை சொன்னேன், கேட்கவில்லை." மகளின் தோளைத் தட்டிவிட்டு, அறிவிப்பவளிடம் சொல்ல எழுந்து நடந்தார்.

"என்னவாம் அவருக்கு?" என்றாள் அம்மா.

"அப்பாவுக்குக் காது மந்தமாம். ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் வருவாராம்."

நேற்றிலிருந்து அழுது வீங்கியிருந்த அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"காதா? பாம்புக் காதுடி உங்கப்பாவுக்கு! அடுக்களையில நான் முணுமுணுத்தா வாசல்லேர்ந்து பதில் வரும்."

"அப்புறம் ஏனாம்?"

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் லிப்ட் கதவைப் பார்த்தாள்.

"உங்க தாத்தா பள்ளிக்கூடத்துல மணி அடிச்சவருன்னு தெரியும்ல? பெரிய வாத்தியாருலேர்ந்து நண்டு சிண்டு வரைக்கும் அவருக்கு 'டேய் மணி'தான். உங்கப்பாவும் அதே பள்ளிக்கூடத்துலதான படிச்சாரு. கூடப் படிக்கிற பய, இவரு கண்ணு முன்னாடியே, 'டேய் மணி, தண்ணி கொண்டா'ம்பானாம். தாத்தாவுக்குன்னு சொந்தமா ஒரு பேரு இருக்குங்கிறதே அவரு செத்தப்புறந்தான் ஊருக்குத் தெரிஞ்சுது."

"சரி."

"இங்க வேலைக்குச் சேந்த மொத நாளு மைக்குல கூப்பிட்டாங்களாம். தாத்தா பேரைச் சொல்லி, முன்னாடி ஐயா போட்டு. கட்டடம் பூராக் கேட்டுச்சாம். டாக்டரு காதுலயும் விழுது, துப்புரவுக்காரி காதுலயும் விழுது. இவரு ஸ்பேனரைக் கீழ வச்சிட்டு அப்படியே நின்னுட்டாராம். தன்னைத்தான் கூப்பிடுறாங்கன்னே தோணலையாம். அன்னைக்கு வீட்டுக்கு வந்து சட்டையக்கூடக் கழட்டல. 'எங்கப்பாவை ஐயான்னு கூப்பிடுறாங்கடி, மாடி மாடியாக் கேக்குது'ன்னாரு."

மகள் அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அன்னையிலேர்ந்து மொத தடவை கூப்பிட்டாப் போகமாட்டாரு. அது அவங்கப்பாவுக்காம். நின்னு கேட்டுக்குவாராம். ரெண்டாவது கூப்பிடுறதுதான் தனக்காம்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீதான் லீவுக்கு லீவு பேரை மாத்துங்கப்பான்னு தாளை நீட்டிக்கிட்டே நின்னியே. படிச்ச புள்ள, சொன்னாச் சிரிப்பான்னாரு."

லிப்ட் மறுபடி வந்து, தரையோடு தரையாக நின்று, யாரையோ ஏற்றிக்கொண்டு போயிற்று. தனக்கு அழுகை வரப்போகிறது என்று மகள் நினைத்தாள். வந்தது பெருமை. நெஞ்சு நிறைந்து, மூச்சு விடுவதற்குக்கூடக் கொஞ்சம் இடமில்லாத மாதிரி அப்படி ஒரு பெருமை. உதறல் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த மனுஷன், ஊரே 'டேய்' போட்ட ஒருவரை அவர் செத்த பிறகு கடல் தாண்டிக் கூட்டிவந்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியே எழுந்து நிற்கிற மாதிரி ஐயா பட்டம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் போடாமலே அதைச் செய்திருக்கிறார்.

அவள் எழுந்து ஓடினாள். நடைக்கூடத்தின் திருப்பத்தில் சூப்பர்வைசரைப் பிடித்து நிறுத்தினாள்.

"பழைய பேரையே சொல்லச் சொல்லுங்க," என்றாள் மூச்சிரைக்க. "நீங்க எல்லாரும் எப்பவும் கூப்பிடுற பேரு. அதே போதும்."

"அது உன் தாத்தாவின் பெயர் என்றாயே?"

"ஆமா. அவரும் இங்கதான் வேலை செஞ்சாரு."

சூப்பர்வைசருக்கு என்ன புரிந்ததோ, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். காது விஷயத்தை அவள் அவரிடம் திருத்தவில்லை. அது வீட்டு விஷயம்.

திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா பையிலிருந்து அப்பாவின் கம்பளிச் சால்வையை எடுத்து மடியில் வைத்திருந்தாள். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே, எதற்கு என்று கேட்காமல் இருக்கும்படி முகத்தை வைத்துக்கொண்டு அதைப் பையில் திணித்திருந்தாள். இருவரும் கண்ணாடிக் கவுன்ட்டரைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் நாற்காலி காலியாக இருந்தது. மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்ன செய்வது என்று மகள் ஒவ்வொரு பெயராக யோசித்தாள். உதவிக்கு யாரும் தோன்றவில்லை.

சிறிது நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். கையில் முத்திரை குத்திய தாள். நாற்காலியில் உட்கார்ந்து, அட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு, மைக்கைக் கிட்டே இழுத்தாள். பேசுவதற்குமுன் அவள் உதடுகள் ஒருமுறை சத்தமில்லாமல் அசைந்தன.

ஒலிபெருக்கி கரகரத்தது. முதலில் மரியாதைச் சொல். பிறகு மகளின் குடும்பப் பெயர், அதாவது அப்பாவின் பெயர். ழகரம் லகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவில் எங்கேயோ தடுமாறி, முக்கால்வாசி சரியாகவே வந்து நின்றது. காத்திருந்தவர்களின் தலைக்கு மேலே, லிப்டுகளைத் தாண்டி, படிக்கட்டு வழியாக அந்தப் பெயர் மேலே ஏறிப் போவது கேட்டது.

அம்மா வழக்கம்போல வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, மகளின் முழங்கையைத் தொட்டாள்.

"உங்கப்பாவைக் கூப்பிடுறாங்க. எந்திரிச்சுப் போ."

மகள் எழுந்திருக்கவில்லை. முதுகை நிமிர்த்திக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இரும்மா," என்றாள். "இன்னொரு தடவை கூப்பிடட்டும்."